தராசும் படியும்

(வெலிமடையில் உயர்தர மாணவர்கள், ஆசிரியர்கள் முன்னிலையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கணினியைப் பற்றிப் பேச வந்தவன் நான். ஆனால் கொழுந்து நிறுக்கும் மடுவத்திலிருந்துதான் தொடங்கப் போகிறேன். என் அம்மா முப்பது வருசம் கொழுந்து பறித்தவர். எந்தத் தோட்டம் என்பது இங்கே வேண்டாம். எங்கள் மலையில் அப்போது ஒரு நாளைக்குப் 18 கிலோ பறித்தால் முழுப்பேர். ஒரு சொட்டுக் குறைந்தாலும் அரைப்பேர். இங்கே லயத்துப் பிள்ளைகள் நிறையப் பேர் இருக்கிறீர்கள், ‘பேர்’ என்றால் என்ன என்று உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: முழுப்பேர் என்றால் முழு நாள் கூலி, அரைப்பேர் என்றால் அதில் பாதி.

ஒரு பருவத்தில் அம்மாவுக்கும் அவருடைய செட்டில் இருந்த மற்றப் பெண்களுக்கும் அடிக்கடி அரைப்பேர் விழுந்தது. சம்பளச் சீட்டை வைத்துக்கொண்டு அடுப்படியில் விரல் விட்டு எண்ணுவார்கள். எங்கே குறைகிறது? தராசிலா, சாக்குக்கும் ஈரத்துக்கும் கழிக்கும் கழிவிலா, கணக்கப்பிள்ளை எழுதும் கொப்பியிலா, ஆபிசில் பெருக்குகிற இடத்திலா, கடைசியில் பிடித்தம் பிடிக்கிற இடத்திலா? ஐந்து இடம் இருக்கிறது. சம்பளச் சீட்டில் இருப்பதோ ஒரே ஒரு தொகை. அந்தத் தொகையை எத்தனை முறை உற்றுப் பார்த்தாலும் எந்த இடத்தில் பிழை என்று அது சொல்லாது.

ஒருநாள் காலையில் அம்மா கடைக்காரரிடம் முத்திரை குத்திய இரண்டு கிலோப் படியை இரவல் வாங்கிக்கொண்டு போனார். “ஐயா, கொழுந்து நிறுக்க முன்ன இதை ஒருக்கா தொங்க விட்டுப் பாருங்க” என்றார். முள் ஒன்றே முக்காலில் நின்றது. அத்தோடு வீடு திரும்பியிருந்தால் பாதி உண்மைதான் தெரிந்திருக்கும். பக்கத்து லயத்து அக்கா ஒருவர் ஐந்து கிலோப் படியையும் கொண்டு வந்திருந்தார். அதைத் தொங்கவிட்டபோது நாலே முக்கால். இரண்டிலும் கால் கிலோ, ஐந்திலும் கால் கிலோ. ஆக, எடை கூடக் கூடக் குறைவும் கூடவில்லை. வெறும் தராசின் முள்ளே பூச்சியத்தில் நிற்கவில்லை. நாளுக்கு மூன்று நிறுவை என்றால் முக்கால் கிலோ போகிறது. அந்த முக்கால் கிலோதான் முழுப்பேரை அரைப்பேராக்கிக்கொண்டிருந்தது.

சத்தம் போடவில்லை, சண்டை பிடிக்கவில்லை. மொத்தச் சம்பளத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல், ஒரே ஒரு பாகத்தைத் தனியே எடுத்து, விடை முன்கூட்டியே தெரிந்த ஒரு கேள்வியை அதனிடம் கேட்டார்கள். கணினித் துறையில் இதற்குப் பெயர் யூனிட் டெஸ்ட், அலகுச் சோதனை. அம்மாவுக்கு அந்தப் பெயர் கடைசிவரை தெரியாது.

இனிக் கணினிக்கு வருவோம். உங்கள் பாடப்புத்தகத்தில் பணிசெயல் முறைமை என்று படித்திருப்பீர்கள். அதன் நடு நெஞ்சுதான் கேர்னல். நினைவகத்தில் யாருக்கு எவ்வளவு இடம், எந்தச் செய்நிரலுக்கு எப்போது முறை, வட்டில் எந்தக் கோப்பு எங்கே என்று தீர்மானிப்பது அதுதான். லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற பின்லாந்து மாணவர் 1991இல் வெளியிட்ட லினக்ஸ் கேர்னல் இன்று உங்கள் கையிலுள்ள ஆண்ட்ராய்டு போனில் ஓடுகிறது. உலகின் அதிவேகக் கணினிகள் 500இன் பட்டியலில் 2017 நவம்பர் முதல் எல்லாமே லினக்ஸ்தான். 3 கோடி வரிகளுக்கு மேல் எழுதப்பட்ட செய்நிரல் அது. ஒன்பது, பத்து வாரத்துக்கு ஒருமுறை புதிய வெளியீடு வருகிறது. ஒவ்வொரு வெளியீட்டிலும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட திருத்தங்கள் சேர்கின்றன.

இவ்வளவு பெரிய இயந்திரத்தில் ஒரு பல்சக்கரத்தை மட்டும் கழற்றிச் சோதிப்பது நெடுங்காலம் கடினமாகவே இருந்தது. மற்றச் செய்நிரல்கள் கேர்னலின் மேல் ஓடுகின்றன, அவற்றில் பிழை வந்தால் அது மட்டும் நிற்கும். கேர்னலில் பிழை வந்தால் இயந்திரமே நின்றுவிடக்கூடும். ஆகவே புதிதாகக் கட்டி, கணினியில் ஏற்றி, அணைத்து மறுபடி போட்டு, வெளியிலிருந்து வேலை கொடுத்துப் பார்ப்பதே வழக்கம். 2000ஆம் ஆண்டில் தொடங்கிய லினக்ஸ் டெஸ்ட் புராஜெக்ட்டும், கேர்னலுடனேயே வரும் கேசெல்ஃப்டெஸ்ட்டும் பெரும்பாலும் அந்த வகை. அவை இன்றைக்கும் அவசியம். ஆனால் அவை சம்பளச் சீட்டைப் பார்ப்பதைப் போன்றவை. குறைகிறது என்று சொல்லும், தராசா கொப்பியா என்று சொல்லாது.

கூகுளில் பணியாற்றிய பிரண்டன் ஹிக்கின்ஸ் எழுதிய கேயூனிட் என்ற ஏற்பாடு 2020 ஜனவரியில் வந்த லினக்ஸ் 5.5இல் சேர்ந்தபோதுதான் படியைத் தொங்கவிட ஒரு பொதுவான கொக்கி கிடைத்தது. இதில் எனக்கு மிகவும் பிடித்த சூட்சுமம் ஒன்று உண்டு. ஜெஃப் டைக் என்பவர் அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே யூசர் மோட் லினக்ஸ் என்று ஒன்றை எழுதியிருந்தார். கேர்னலையே சாதாரணச் செய்நிரல் போல இன்னொரு லினக்ஸின் மேல் ஓடவிடும் வித்தை அது. கேயூனிட் அதைப் பயன்படுத்திக்கொண்டது. ஆகவே சோதனைக்கென்று தனிக் கணினி வேண்டாம், மறுபடி போட வேண்டாம், உங்கள் மடிக்கணினிக்கு ஆபத்தும் இல்லை. சோதனைக் கேர்னல் விழுந்தால் அந்த ஒரு செய்நிரல் விழும், அவ்வளவுதான்.

இதில் முதல் பாடமாக வரும் மாதிரிச் சோதனை என்ன தெரியுமா? ஒன்றும் ஒன்றும் சேர்ந்தால் இரண்டு வருகிறதா என்பது. சிரிக்கிறீர்கள். நானும் முதலில் சிரித்தேன். ஆனால் எந்தச் சோதனையும் இந்த வடிவம்தான். இந்தப் பக்கம் செய்நிரல் தரும் விடை, அந்தப் பக்கம் நாம் எதிர்பார்க்கும் விடை, நடுவில் இரண்டும் சமம் என்ற எதிர்பார்ப்பு. ஒத்துப்போனால் ‘ஓகே’ என்று ஒரு வரி. ஒத்துப்போகாவிட்டால் ‘நாட் ஓகே’ என்று ஒரு வரி, கூடவே எதை எதிர்பார்த்தோம், எது வந்தது, எந்தக் கோப்பில் எத்தனையாவது வரி என்ற விவரம்.

ஒரு நிஜ உதாரணம் பார்ப்போம். லினக்ஸ் கணினிகளில் பரவலாக இருக்கும் எக்ஸ்ட்4 கோப்பு முறைமை, ஒரு கோப்பு எப்போது மாறியது என்பதை 1970 ஜனவரி 1ஆம் திகதியிலிருந்து எத்தனை வினாடி என்று எழுதி வைக்கிறது. 32 பிட்டில் எழுதினால் 1901 டிசம்பர் 13 முதல் 2038 ஜனவரி 19 வரைதான் இடம். அதனால் இரண்டு பிட் கூடுதலாக வைத்து 2446 மே 10 வரை நீட்டியிருக்கிறார்கள். கேயூனிட்டுடன் முதல் வெளியீட்டிலேயே சேர்ந்த சோதனைகளில் ஒன்று இந்தத் திகதிகளைப் பற்றியது. நேற்றையும் இன்றையும் கேட்டு அது நேரத்தை வீணாக்கவில்லை. 1901இன் விளிம்பு, 2038இன் விளிம்பு, 2446இன் விளிம்பு என்று எல்லைகளில் போய் நின்று கேட்கிறது. பிழை குடியிருப்பது எல்லையில்தான். 10 கிலோ பறித்தவருக்கும் 25 கிலோ பறித்தவருக்கும் கணக்கில் சிக்கல் வருவதில்லை. சரியாகப் 18 பறித்தவருக்கு முழுப்பேரா அரைப்பேரா? ‘18க்கு மேல்’ என்று எழுதினோமா, ‘18உம் அதற்கு மேலும்’ என்று எழுதினோமா? ஒரு குறியீட்டு வித்தியாசத்தில் ஒருவருடைய நாள் கூலி பாதியாகிவிடும்.

இன்னும் ஒரு விளிம்பு. ஒருவர் ஒரு கிலோதான் பறித்தார், கழிவு இரண்டு கிலோ என்று வையுங்கள். மனிதன் கணக்குப் பார்த்தால் ‘ஒன்றுமில்லை’ என்று எழுதிவிடுவான். குறை எண்ணையே அறியாத 32 பிட் மாறியில் ஒன்றிலிருந்து இரண்டைக் கழித்தால் வரும் விடை 4,294,967,295. நானூறு கோடிக்கு மேல்! நாலு மலையைச் சேர்த்துப் பறித்தாலும் வராத கொழுந்து. கேர்னலில் இப்படி ஒரு கழித்தல் சறுக்கினால், நினைவகத்தில் தனக்கு உரிமையில்லாத இடத்தில் போய் எழுதும் கதவு திறந்துவிடும். அதனால்தான் சறுக்கலைக் கண்டுபிடித்துச் சொல்லும் கூட்டல், கழித்தல், பெருக்கல் கருவிகளைக் கேர்னலில் வைத்திருக்கிறார்கள். அந்தக் கருவிகளையும் நம்பிவிடாமல் அவற்றுக்கும் கேயூனிட் சோதனை எழுதியிருக்கிறார்கள்.

இப்போது ஒரு கேள்வி. எதிர்பார்க்கும் விடையை எங்கிருந்து எடுப்பது? பலர் செய்கிற தவறு இது: செய்நிரலை ஓட்டிப் பார்ப்பது, வந்த விடையை அப்படியே பிரதி எடுத்து ‘எதிர்பார்ப்பு’ என்று எழுதிவிடுவது. சோதனை எப்போதும் வெற்றி பெறும், எதையும் நிரூபிக்காது. அந்தத் தராசிலேயே நிறுத்து எடுத்த கல்லைக் கொண்டு அந்தத் தராசையே சோதிப்பது போன்ற வேலை அது. அம்மா கொண்டுபோன படிக்கு மதிப்பு எங்கிருந்து வந்தது? தோட்டத்துக்குச் சம்பந்தமில்லாத ஒரு திணைக்களம் அதில் முத்திரை குத்தியிருந்ததிலிருந்து வந்தது.

கேர்னலில் இதற்கு அழகான உதாரணம் உண்டு. வினாடிக் கணக்கைத் திகதியாக மாற்றும் ஒரு சார்பு (ஃபங்ஷன்). வேகத்துக்காக அதைக் கெட்டிக்காரத்தனமான ஒரு சூத்திரத்தால் எழுதியிருக்கிறார்கள். அதன் சோதனையோ சின்னப் பிள்ளை கலண்டரைப் புரட்டுவது போல ஒவ்வொரு நாளாக நகர்கிறது. மாதம் முடிந்தால் அடுத்த மாதம், நெட்டாண்டு என்றால் பெப்ரவரிக்கு 29. இப்படி 1970ஐ நடுவில் வைத்து 1,60,000 ஆண்டுகளின் ஒவ்வொரு நாளையும் சூத்திரத்தின் விடையோடு ஒப்பிடுகிறது. ஏறக்குறைய 5 கோடியே 84 இலட்சம் நாட்கள். வழி வேறு, விடை ஒன்று. அதுதான் முத்திரை குத்திய படி. நேரம் எடுக்கும் என்பதால் அதற்கு ‘மெதுவான சோதனை’ என்று அடையாளமும் வைத்திருக்கிறார்கள், அவசரக்காரர் தாண்டிப் போகலாம்.

சரி, உங்கள் வீட்டில் செய்வது எப்படி? லினக்ஸ் உள்ள ஒரு கணினி வேண்டும். ஜிசிசி, மேக், பைதான், பிளெக்ஸ், பைசன் என்று சில கருவிகள் வேண்டும், எல்லாம் இலவசம். கேர்னலின் மூலத்தை முழு வரலாற்றோடு இறக்கினால் உங்கள் டேட்டா அன்றைக்கே முடிந்துவிடும். கடைசி நிலையை மட்டும் இறக்க, கிட் என்ற கருவியில் வழி இருக்கிறது, ‘டெப்த் ஒன்று’ என்று சொன்னால் போதும். பிறகு டூல்ஸ், டெஸ்டிங், கேயூனிட் என்ற கோப்புறைகளுக்குள் இருக்கும் பைதான் செய்நிரலுக்கு ‘ரன்’ என்று ஒரு கட்டளை. தேவையான அளவு சின்னக் கேர்னலை அதுவே கட்டி, ஓடவிட்டு, விடைகளை வரிசையாகக் காட்டும். பழைய மடிக்கணினியானால் முதல் முறை கட்டும்போது ஒரு தேநீர் குடித்துவிட்டு வரலாம். அடுத்த முறைகள் விரைவாக முடியும்.

எல்லா வரியும் பச்சையாக வந்ததும் சந்தோசப்பட்டு மூடிவிடாதீர்கள். அந்த மாதிரிச் சோதனையைத் திறந்து, ஒன்றும் ஒன்றும் மூன்று என்று மாற்றி மறுபடி ஓட்டுங்கள். சிவப்பு வர வேண்டும். வராவிட்டால் நீங்கள் திருத்திய கோப்பு ஒன்று, ஓடுகிற கோப்பு வேறொன்று. தோற்கத் தெரியாத சோதனை சோதனையே அல்ல. கேயூனிட்டின் அதிகாரபூர்வப் பாடத்திலேயே வேண்டுமென்று தோற்கும் ஒரு சோதனையை எழுதிப் பார்க்கச் சொல்கிறார்கள்.

ஓட்டுவது ஒரு பாதி, கொடுப்பது மறு பாதி. கேர்னலுக்குப் பங்களிக்க யாருடைய சிபாரிசும் வேண்டாம், ஆனால் ஒழுங்கு வேண்டும். திருத்தத்தை வெறும் எழுத்தாக மின்னஞ்சலில் அனுப்ப வேண்டும். யாருக்கு அனுப்புவது என்று சொல்ல ஒரு கருவி, எழுத்து நடை சரியா என்று பார்க்க இன்னொரு கருவி, இரண்டும் கேர்னலுடனேயே வருகின்றன. கீழே ‘சைன்ட் ஆஃப் பை’ என்று உங்கள் பெயரை எழுத வேண்டும். 2004இல் வந்த வழக்கம் அது. இதைக் கொடுக்க எனக்கு உரிமை இருக்கிறது என்பதற்கான கையொப்பம். கேயூனிட் திருத்தங்களை ஹிக்கின்ஸ், டேவிட் கௌ போன்றவர்கள் பார்க்கிறார்கள். கேசெல்ஃப்டெஸ்ட்டைப் பராமரிக்கும் ஷுவா கான் வழியாக அவை மேலே போகின்றன. திருத்தச் சொல்லி இரண்டு மூன்று முறை திரும்பி வரும். விடைத்தாள் திரும்பி வந்தால் மானம் போனது என்று நினைக்கிற நம்முடைய பரீட்சைப் பழக்கத்தை அங்கே விட்டுவிட வேண்டும். பெரிய கைகளின் திருத்தமும் அப்படித்தான் திரும்பி வருகிறது.

“இதெல்லாம் நம்மால் ஆகுமா?” என்று பின் வரிசையில் ஒரு தம்பியின் முகம் கேட்கிறது. பிரேசிலில் கம்பினாஸ் பல்கலைக்கழக மாணவர்கள் எல்கேகேம்ப் என்று ஒரு குழு வைத்திருக்கிறார்கள். கேர்னலில் பழைய முறையில் எழுதிய சோதனைகளை ஒன்றுகூடிக் கேயூனிட்டுக்கு மாற்றி அனுப்புகிறார்கள். நம் நாட்டிலும் முன்னுதாரணம் உண்டு. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பின் கொழும்பில் தொண்டர்கள் சில வாரங்களில் எழுதிய சஹானா என்ற பேரிடர் மேலாண்மை மென்பொருள் 2005இல் பாகிஸ்தான் நிலநடுக்கத்துக்கும், 2010இல் ஹெய்ட்டி நிலநடுக்கத்துக்கும் போய் உதவியது. மாணவர்களைத் திறந்த மூல மென்பொருளில் ஈடுபடுத்திய கூகுள் சமர் ஆஃப் கோட் திட்டத்தின் முதல் பத்தாண்டில் உலகிலேயே அதிக மாணவர்களை அனுப்பியது மொறட்டுவைப் பல்கலைக்கழகம். இப்படி ஒன்றைத் தொடங்க நமக்கும் இடம் தொலைவில் இல்லை, பதுளையில் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் ஒரு பஸ் தூரம்.

சோதனை எழுதுவதை நான் ஏன் முதல் வாசல் என்கிறேன்? புதிதாக ஒன்றைக் கேர்னலில் கட்டப் பல வருசப் பழக்கம் வேண்டும். சோதனை எழுத, ஒரு சின்னச் சார்பை ஊன்றி வாசிக்கும் பொறுமையும், ‘இது எங்கே உடையும்’ என்ற சந்தேகப் புத்தியும் போதும். அந்தப் புத்தி நம் வீட்டு அடுப்படியில் வேண்டிய அளவு இருக்கிறது.

உங்களுக்கென்று ஒரு வேலையும் கொண்டு வந்திருக்கிறேன். ‘கொழுந்து’ என்ற சொல்லை எடுங்கள். யூனிகோடில் ‘கொ’வை இரண்டு விதமாக எழுதலாம். ககரத்தோடு ‘ொ’ என்ற ஒரே குறியைச் சேர்ப்பது ஒன்று. ஒற்றைக் கொம்பையும் காலையும் தனித்தனிக் குறிகளாகச் சேர்ப்பது மற்றொன்று. கண்ணுக்கு இரண்டும் ஒன்றேதான். வட்டில் முதலாவது 24 பைட், இரண்டாவது 27 பைட். சாதாரணக் கோப்புறையில் ‘கொழுந்து’ என்ற பெயரிலேயே இரண்டு கோப்புகள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கலாம். பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேற்றுமை பாராத கோப்புறை என்று ஒரு வசதி 2019இல் எக்ஸ்ட்4க்கு வந்தது. அங்கே பெயர்களை யூனிகோடு விதிப்படி ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துதான் ஒப்பிடுகிறார்கள். அந்தப் பகுதிக்கும் கேயூனிட் சோதனை இருக்கிறது, லத்தீன், கிரேக்க எழுத்துகளை வைத்துக் கேள்வி கேட்கிறது. உங்கள் கணினியில் அந்தச் சோதனைக்குக் கீழே ஒரு வரி சேருங்கள்: இந்தக் ‘கொ’வும் அந்தக் ‘கொ’வும் சமமா? பிறகு இன்னொரு வரி: காலுக்குப் பதிலாக யாரோ ரகரத்தைத் தட்டி ‘கெர’ என்று எழுதிய சொல் சமமாகாமல் இருக்கிறதா? சமமாக வேண்டியது சமமாவதும் வேண்டும், சமமாகக் கூடாதது சமமாகாமல் இருப்பதும் வேண்டும். எது சரி என்று உங்களுக்கு நிச்சயமாகத் தெரிந்த இடத்திலிருந்து கேள்வி கேட்கிறீர்கள். அங்கே முத்திரை குத்திய படி உங்கள் கையில் இருக்கிறது.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். கேட்ட கேள்விக்குத்தான் சோதனை விடை சொல்லும். 2012 ஜூன் 30ஆம் திகதி நள்ளிரவில் உலகக் கடிகாரத்தில் ஒரு வினாடி கூட்டப்பட்டபோது, லினக்ஸ் கேர்னலின் நேரக் கணக்கில் ஒளிந்திருந்த பிழையால் பல நாடுகளில் சேவையகங்கள் திணறின. பாகங்கள் ஒன்றோடொன்று முட்டும் நேரத்தில், வன்பொருள் சூடாகும் நேரத்தில் வரும் பிழைகளுக்கு வேறு சோதனைகள் வேண்டும். தராசு சரியென்று தெரிந்தாலும் கொப்பியை யாரும் பார்க்காமல் விட்டுவிட முடியாது.

அம்மாவின் கதையை முடிக்கவில்லை. அந்தத் தராசைத் திருத்தினார்கள். அதோடு பெண்கள் விடவில்லை. காசு சேர்த்து ஒரு இரண்டு கிலோப் படியைச் சொந்தமாக வாங்கி மடுவத்தில் வைத்தார்கள். தினமும் முதல் நிறுவைக்கு முன் அதை ஒருதரம் தொங்கவிடுவது வழக்கமாகிவிட்டது. கணக்கப்பிள்ளை மாறினார், தராசு மாறியது, அம்மா ஓய்வு பெற்றார். படி அங்கேயே இருந்தது.

நல்ல சோதனை என்பது அதுதான், எழுதியவர் போன பிறகும் காவலிருக்கும். தம்பி தங்கையரே, இந்த வாரம் ஒரு சோதனையை ஓட்டுங்கள், ஒன்றைத் தோற்கடித்துப் பாருங்கள், பிறகு உங்கள் பெயரை எழுதி ஒன்றை அனுப்புங்கள்.